காதுக்குள் ஓடும் மெஷின்

சுகாதாரப் பாடம் நடத்துகிறவன் வீட்டைத்தான் தொற்றுநோய் முதலில் தேடி வரும். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. நானாகக் கண்டுபிடித்தது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையத்தில் குடியிருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். அந்த மாதம்தான் தொற்றுநோய்ப் பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். நோயாளியைத் தனியே வைக்க வேண்டும். நோயாளி தொட்ட பொருளை மற்றவர் தொடக் கூடாது. காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கரும்பலகையில் மூன்றையும் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டு, பிள்ளைகள் நோட்டில் எழுதியதற்குச் சிவப்பு மையில் சரி போட்டுக் கொடுத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, ஒன்றுவிடாமல் மூன்றையும் மீறினேன்.

எங்கள் வீட்டிலும் அண்ணன் வீட்டிலுமாக நான்கு பேருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. மூன்று பேர் பழையபடி எழுந்துகொண்டோம். நான்காவது ஆள் என் மகள் மல்லிகா. எட்டு வயது. அவளுடைய இடது காது போய்விட்டது. அந்தக் காது போய்க்கொண்டிருந்த நேரத்தில் அவளைப் பெற்ற தகப்பன் எங்கே இருந்தான் என்றால், ஒரு தங்கச் சங்கிலியைத் தேடிச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். (பாதிக் கதை வரைக்கும்.)

பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளையின் கழுத்தில் பொன் போட வேண்டும், பொன் பட்டால் வீக்கம் வற்றிவிடும் என்பது ஊர் வழக்கம். எங்கள் சிக்கல் என்னவென்றால், போடுவதற்குப் பொன் இல்லை. எங்கள் அப்பா வரைக்கும் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தவர்கள். அண்ணன் காலத்தில் பனியன் பக்கம் திரும்பினோம். நிட்டிங் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது என்று அண்ணன் ஓடி வந்தபோது, என் மனைவி சரஸ்வதி தாலியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தாள். அண்ணியும் கொடுத்தார். ஒரே ஒரு இரட்டை வடச் சங்கிலியை மட்டும் கொடுக்கவில்லை. "எங்கப்பன் போட்டது. மெஷினுக்குப் போடாதேன்னு சொல்லித்தான் போட்டாரு" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார். ஆக, இரண்டு குடும்பத்துக்கும் மிஞ்சிய பொன் அது ஒன்றுதான். மீதியெல்லாம் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், அண்ணனுடைய கொட்டகையில், காலையிலிருந்து கடகடவென்று பனியன் துணி பின்னிக்கொண்டிருந்தது.

மல்லிகாவுக்குக் கன்னம் வீங்கிய அன்று அண்ணி ஊரில் இல்லை. பொங்கலூரில் தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். சங்கிலியும் கூடவே போயிருந்தது.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்டா இப்படி நிக்கறே? புள்ளயத் தூக்கிட்டு வந்து மெஷின் மேல சாய்ச்சு வை. ரெண்டு ஊட்டுப் பொன்னும் அதுக்குள்ளதான் கெடக்குது" என்றார்.

நான் சிரிக்கவில்லை. சரஸ்வதி மட்டும் தெளிவாக இருந்தாள்.

"ஏனுங்க, டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டீரலாமுங்க."

"இதுக்கு மருந்து கெடையாது. அஞ்சாறு நாள்ல தானா வத்தீரும். பாடத்துலயே இருக்குது. நான் போய் அண்ணி சங்கிலிய வாங்கிட்டு வந்தர்றேன்" என்றேன்.

"தானா வத்தறதுக்கு எதுக்குங்க சங்கிலி?"

படித்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. "உன்ற மனசு ஆறுதலுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அவள் ஆறுதல் கேட்கவே இல்லை. பயந்துபோயிருந்தவன் நான். கையைக் கட்டிக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் உட்கார என்னால் முடியவில்லை. எங்காவது மிதித்துக்கொண்டு போக வேண்டும்போல் இருந்தது.

வேலம்பாளையத்திலிருந்து பொங்கலூர் போக டவுனைத் தாண்டித்தான் போக வேண்டும். டாக்டர் வீடு அந்த ரோட்டு மேலேயே இருந்தது. போகும்போதும் அதைத் தாண்டினேன், வரும்போதும் தாண்டினேன். வரும்போது டயர் பஞ்சராகி, சரியாக அதற்கு எதிர்க் கடையிலேயே நின்று ஒட்டுப்போட்டேன். டாக்டர் வீட்டு வாசலில் நாலு பேர் பிள்ளைகளை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள். 'பாவம், விவரம் தெரியாத ஜனங்கள்' என்று நினைத்துக்கொண்டதாக ஞாபகம்.

பொங்கலூரில் அண்ணி சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொழுந்தனாரே, நீங்களுமா இதையெல்லாம் நம்பறீங்க?"

"நம்பலீங்க அண்ணி. சும்மா போட்டு வெக்கலாம்னுதான்."

"சும்மா போடறதுக்கா இத்தனை தூரம் சைக்கிள் மிதிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, பித்தம் தெளியத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாத குறையாக மோர் கொடுத்து அனுப்பினார்.

சங்கிலியின் நுனியில் வேலோடு நிற்கிற முருகன் டாலர் ஒன்று உண்டு. மல்லிகாவுக்கு வாய் திறந்து சாப்பிட முடியவில்லை. ஆனால் அந்த டாலரை மட்டும் எப்படியோ வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே கிடந்தாள். முருகன் ஆறு நாளும் என் மகளின் எச்சிலில்தான் குடியிருந்தார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பிற்பகல், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணை மூடியபடி சொன்னாள்.

"அப்பா, காதுக்குள்ள மெஷின் ஓடுது."

நான் சுவரைக் காட்டினேன். "பெரியப்பா ஊட்டு மெஷின் கண்ணு. அது ஓடுனாத்தான் நமக்குச் சோறு."

அவளும் சரி என்பதுபோல் தலையாட்டினாள்.

இதைத்தான் நான் இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு ஊரில், வேறு தகப்பனிடம் ஒரு பிள்ளை காதுக்குள் மெஷின் ஓடுகிறது என்று சொல்லியிருந்தால், அவன் திடுக்கிட்டிருப்பான். எங்கள் ஊரில் யார் காதில்தான் மெஷின் ஓடவில்லை? நாங்கள் அந்தச் சத்தத்தில் சாப்பிட்டு, அந்தச் சத்தத்தில் பிள்ளை வளர்க்கிறவர்கள். எனக்கு அது ஒரு நோயாளி சொன்ன வார்த்தையாகவே படவில்லை.

ஆறாம் நாள் வீக்கம் வற்றியது. எழுந்து நடந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பலவீனம் என்றேன். "இவ ஒரு மாதிரி தலையச் சாய்க்கறாளுங்க. கூப்பிட்டா ஒரு பக்கமாத் திருப்பறா" என்றாள் சரஸ்வதி. "ஆறு நாள் அத்தனை கனமான சங்கிலியப் போட்டுட்டு இருந்தா, கழுத்து வலிக்காதா?" என்றேன். (எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்த வயதில் எனக்கிருந்த பெரிய வியாதி அதுதான்.)

சங்கிலியைத் திருப்பிக் கொடுக்கும்போது அண்ணி கேட்டார்.

"வெந்நீர்ல ஒருக்காப் போட்டு எடுக்கட்டுங்களா?"

நான் வாத்தியார் குரலில் சொன்னேன். "தங்கத்துல கிருமி ஒட்டாதுங்க அண்ணி. அது உயர்ந்த உலோகம்."

உயர்ந்த உலோகம் அண்ணி கழுத்துக்குப் போனது. அண்ணியின் மடியில் உட்கார்ந்து டாலரோடு விளையாடுகிற வழக்கமுள்ள அவர் மகன் செல்வத்துக்கு, அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் கன்னம் வீங்கியது. என் மகளோடு ஒரே முற்றத்தில் விளையாடுகிறவன்தான். சங்கிலி இல்லாமலும் வந்திருக்கும் என்று இன்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எதையும் தற்செயலுக்கு விட்டுவைக்கவில்லை.

இதற்கிடையில் மல்லிகா பள்ளிக்கூடம் வர ஆரம்பித்திருந்தாள். அவளுடைய வகுப்புக்கும் நான்தான் வாத்தியார். வருகைப் பதிவு எடுப்பேன். என் மேஜை ஜன்னலோரம், அவளுக்கு இடது கைப்பக்கம். மல்லிகா என்று கூப்பிட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். இரண்டாம் முறை கூப்பிட வேண்டும், மூன்றாம் முறை கூப்பிட வேண்டும். காய்ச்சலில் செல்லம் கொடுத்ததில் திமிர் ஏறிவிட்டது என்று முடிவுகட்டினேன். வாத்தியார் மகளென்றால் கூடுதலாகத் தண்டிக்க வேண்டும், அதுதான் நியாயம் என்று நினைத்த காலம். நாற்பது பிள்ளைகள் பார்க்க, கையை நீட்டச் சொல்லி ரூல்தடியால் இரண்டு அடி கொடுத்தேன். அவள் அழவில்லை. எதற்கு அடி என்று தெரியாத முகத்தோடு என்னைப் பார்த்தாள். அதையும் திமிர் என்று எழுதிக்கொண்டேன்.

அப்புறம் அந்த வியாதி பெரியவர்களிடம் வந்தது. செல்வம் எழுந்து சில வாரத்தில், ஒரே நாளில் அண்ணனும் நானும் விழுந்தோம்.

பெரிய ஆட்களுக்கு இது வந்தால் எங்கெங்கோ இறங்கிவிடும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. எங்கே இறங்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அண்ணன் கொட்டகை ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர். அவரே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அந்தச் சங்கிலிய எடுத்துட்டு வா" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் வேண்டும் என்று அண்ணியைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

கழுத்து இரண்டு, சங்கிலி ஒன்று. அண்ணி கம்பெனி நடத்துகிற வீட்டுப் பெண். யோசிக்கவே இல்லை.

"காலையிலிருந்து நாலு மணிச் சங்கு வரைக்கும் அவருக்கு. சங்குக்கு அப்பறம் கொழுந்தனாருக்கு. ஷிப்ட் மாறுனதுக்கப்பறம் யாரும் எங்கிட்டத் தகராறு பண்ணக் கூடாது."

இப்படியாக, மில் சங்கு ஊதியதும் அண்ணன் கழுத்திலிருந்து சங்கிலி இறங்கி, சூடு ஆறுவதற்குள் என் கழுத்தில் ஏறும். இரண்டு பக்கமும் கன்னம் உப்பி, மஞ்சள் பத்துப் போட்டு, மார்பில் முருகன் தொங்க நான் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்துச் சரஸ்வதி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவாள். அவள் தோள் குலுங்குவது தெரியும்.

மூன்றாம் நாள் நாலு மணிச் சங்கு ஊதியது. என் கண் வாசலில் இருந்தது. வந்தது அண்ணி மட்டுமல்ல. அவருக்கு முன்னால் எங்கள் தலைமையாசிரியர் குடையும் கையுமாக வந்துகொண்டிருந்தார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன். அறிவியல் அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. அதற்குள்தான் தொற்றுநோய்த் தடுப்புப் படம் இருந்தது.

அண்ணிக்கு அவர் யாரென்று தெரியாது. சங்கிலியை நீட்டியபடி நேராக உள்ளே வந்தார்.

"இந்தாங்க கொழுந்தனாரே, உங்க ஷிப்ட்."

வாங்கி மாட்டிக்கொள்வதா வேண்டாமா என்று நான் தவித்தேன். அண்ணியே மாட்டிவிட்டார்.

தலைமையாசிரியர் பாய் விரித்த பெஞ்சில் நிதானமாக உட்கார்ந்தார். டாலரைப் பார்த்தார்.

"பொன்னுக்கு அடங்குதுங்களா சார்?"

"இல்லீங்க சார்... வீட்டுல பெரியவங்க சொன்னாங்க..."

"ரெண்டு மாசம் முன்னால உங்க வகுப்பு வழியா வந்தேனுங்க. தங்கம் போட்டா வீக்கம் வத்துங்கறது மூடநம்பிக்கைன்னு சத்தமாச் சொல்லிட்டு இருந்தீங்க. அதை எங்க ஊட்டுக்காரிகிட்டயும் போய்ச் சொன்னேன். அவ என்ற பேச்சைக் கேக்கல. நல்லதாப் போச்சு."

வாயைத் திறக்க முடியாத வியாதி வந்ததற்காக நான் முதல்முறையாக நன்றி சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. சுவருக்கு அப்பால் மெஷின் இழுத்து இழுத்து ஓடி நின்றது. எங்கள் பகுதியில் அந்த அமைதி ஒரு பெரிய சத்தம்போல் வந்து விழும். எதிர் வீட்டுக் கோழி கொத்துகிற ஒலி கூடக் கேட்டது.

"அப்பாடா, காது குளுந்துது" என்றார் தலைமையாசிரியர்.

மல்லிகா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றாள். அவளுடைய இடது தோள் அவர் பக்கமாக.

"ஒடம்பு நல்லாயிருச்சா கண்ணு? ஒழுங்காச் சாப்பிடறியா?" என்று கேட்டார். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை கேட்டார். எனக்கு மானம் போயிற்று. மிச்சமிருந்த மானம்.

"பெரியவங்க கேக்கறாங்கல்ல? பதில் சொல்லு!" என்று வலிக்கிற வாயால் அதட்டினேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "மெஷின் சத்தத்துல கேக்கலீங்க சார்."

தலைமையாசிரியர் சிரித்தார். "மெஷின்தான் நின்னுபோச்சே கண்ணு."

நானும் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். மல்லிகா எங்கள் எல்லோரையும் பார்த்தாள். பிறகு இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுல நிக்கறதே இல்லீங்க. காச்சல் வந்ததுலிருந்து ஓடிட்டே இருக்குது. ஸ்கூல்லயும் ஓடுது."

சிரிப்பு என் முகத்தில் அப்படியே இருந்தது. வீக்கத்தால் அதை உடனே இறக்கவும் முடியவில்லை. சரஸ்வதி உள்ளேயிருந்து வந்தாள். மகளுக்குப் பின்னால் நின்று, அவள் வலது காதைத் தன் உள்ளங்கையால் இறுக்கி மூடினாள். இடது காதுக்கு அருகில் குனிந்து, "மல்லிகா" என்றாள். கொஞ்சம் சத்தமாக, "கண்ணு, மல்லிகா" என்றாள்.

மல்லிகா என்னைப் பார்த்தபடி, அம்மா அடுத்து என்ன விளையாட்டுக் காட்டப்போகிறாள் என்று காத்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் காய்ச்சல் விட்டு எழுந்ததும் அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். அந்த டாக்டர் இரண்டு கிளையுள்ள இரும்புக் கவையைத் தட்டித் தட்டி அவள் காதருகே பிடித்தார். நெற்றியில் வைத்தார். இடது காதில் நரம்பு போய்விட்டது, பொன்னுக்கு வீங்கியில் எப்போதாவது ஒரு பிள்ளைக்கு இப்படி நடக்கும் என்றார்.

"முதல் நாளே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க. அதை மனசுல வெச்சுக்காதீங்க. இன்னொரு காது நல்லா இருக்குது."

அதை என் மூளை அன்றே ஒப்புக்கொண்டது. மீதி உடம்பு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மல்லிகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு இடது பக்கம். கொஞ்ச தூரம் போனதும் எழுந்து, "நீங்க இந்தப் பக்கம் வாங்கப்பா, அப்பத்தான் பேசுனாக் கேக்கும்" என்று ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள். ஜன்னலுக்காகச் சண்டை போடுகிற பிள்ளை. இடம் மாறி உட்கார்ந்தேன். பேசுவதற்காகத்தான் மாறினோம். திருப்பூர் வரும்வரை என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ரூல்தடி பட்ட கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் மேஜையைத் தூக்கி எதிர்ப்பக்கச் சுவரோரம் போட்டேன். வெளிச்சம் போதாதே சார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். இதுதான் நல்லது என்றேன். அதன்பிறகு அந்த வகுப்பில் யாரையும் இரண்டாம் முறை கூப்பிட நேர்ந்தால், கிட்டே போய்க் கூப்பிட்டேன்.

குடும்பம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. வேலை சொன்னால் செல்வம், "மெஷின் ஓடுதுங்கப்பா, கேக்கல" என்பான். சரஸ்வதிக்கு என் பேச்சு பிடிக்காவிட்டால், "எனக்கும் ஓடுதுங்க" என்பாள். இதை ஆரம்பித்து வைத்ததே மல்லிகாதான். திட்டினால் இடது காதை நைசாகத் திருப்பிக்கொள்வாள். அண்ணன் அந்தப் பழைய மெஷினை விற்றுவிட்டு, கொட்டகையில் புதிதாக மூன்று போட்டுவிட்டார். "பழசு எப்படி இருக்குது கண்ணு?" என்று மல்லிகாவைக் கேட்பார். "ரெண்டு ஷிப்டும் ஓடுதுங்க பெரியப்பா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவேன்.

மல்லிகா இப்போது கொமரலிங்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன மாதம் மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. பேரன் பழனிக்கு, நான்கு வயது, கன்னம் வீங்கியிருக்கிறதாம். படித்து முடிப்பதற்குள் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். சேதி தெரிந்து அண்ணி ஓடி வந்தார். கையில் அதே சங்கிலி.

"ரெண்டு தடவ வெந்நீர்ல போட்டு எடுத்தாச்சு. உயர்ந்த உலோகம்னு எங்கிட்டப் பேசாதீங்க" என்றார்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் தொலைந்துவிடக் கூடாது என்று கழுத்தில் மாட்டி, சட்டைப் பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டேன். போன கையோடு பழனியை உடுமலைப்பேட்டைக்குத் தூக்கிப்போய் டாக்டரிடம் காட்டினேன். அப்புறம் ஆறு நாள் அவன் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. மணிக்கொரு தரம், அவன் ஒரு காதைப் பொத்தி, மறு காதில் ரகசியமாக, "பழனி" என்பேன். பிறகு அந்தக் காதைப் பொத்தி இந்தக் காதில். அவன் "உம்" என்பான். அந்த "உம்" வருகிற வரைக்கும் நான் மூச்சு விட்டதில்லை.

ஆறாம் நாள் வீக்கம் வற்றியது. பழனி அடுப்படிக்குப் போய்த் தன் அம்மாவின் வலது பக்கம் நின்று (அந்த வீட்டில் நடை பழகிய நாளிலிருந்து அப்படித்தான் நிற்பான்) கவலையோடு கேட்டான்.

"அம்மா, அப்புச்சிக்கு என்ற பேரு மறந்து மறந்து போகுதா? எங்கிட்டயே வந்து ரகசியமாச் சொல்லிப் பாத்துக்கறாரு."

மல்லிகா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "மறக்கலடா. மறக்க முடியாமத்தான் சொல்லிப் பாக்கறாரு" என்றாள்.

இந்தக் கதை எனக்கு முன்னால் வேலம்பாளையம் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து, அலுத்துப்போய் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். யாரோ என் வலது காதை உள்ளங்கையால் பொத்தினார்கள். இடது காதில் அண்ணனின் குரல், ரகசியமாகக் கேட்டது.

"வாத்தியாரே."

"கேக்குதுங்க அண்ணா."

"அப்பச் செரி. உன்ற ஷிப்ட் முடிஞ்சுது. சங்கிலியக் கழட்டிக் குடு, உங்க அண்ணி கேக்கறா."

சட்டைக்குள் கையை விட்டேன். ஏழு நாளாக அது என் கழுத்தில்தான் இருந்திருக்கிறது. பழனிக்குப் போடவே மறந்துபோயிருக்கிறேன்.